கழற்றி வைத்த மூடி

அன்பு மகன் இர்ஃபானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் மெஹ்ரீனும் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறீர்களா என்று தெரிய வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அஃப்ஷான் எழுதுகிறாள்.

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்களே, கடைசியில் சுனாமியும் வந்ததே, அந்த வருஷம் நீ ஏழாவது படித்தாய், நான் அஸ்தினாபுரத்தில் முர்துசா முதலாளியின் மரப்பட்டறையில் இருந்தேன். மூடி இருந்தால் வேலை ஓடாது என்று அவரே ஸ்பேனர் எடுத்து டேபிள் ரம்பத்தின் மூடியைக் கழற்றினார், வேணாம் மொதலாளி என்று என்னோடு வேலை பார்த்த சவுரிமுத்து சொன்னதற்கு, ரம்பத்துக்கு இன்னாய்யா முக்காடு, அது இன்னா கல்யாணப் பொண்ணா என்று சிரித்தார், நாங்களும் சிரித்தோம். மூன்றாம் நாள் தேக்குத் துண்டு திருப்பி அடித்து சவுரிமுத்துவின் கை பிளேடில் போய் நாலு விரல் தூளோடு கிடந்தது. மறுநாள் முதலாளி ஒரு காகிதம் கொண்டுவந்தார், கைநாட்டு வைங்கப்பா, அவனுக்கு ஆஸ்பத்திரிப் பணம் சீக்கிரம் வரும் என்றார். நான், கதிரேசன், ஜெயக்கொடி மூவரும் வைத்தோம், மூவருக்கும் படிக்கத் தெரியாது. குடித்துவிட்டு வந்து சவுரிமுத்துவே மூடியைக் கழற்றினான், நாங்கள் பார்த்தோம் என்று அதில் எழுதியிருந்ததாம், பீடிகூடப் பிடிக்காதவனைப் பற்றி. லேபர் ஆபீசில் அதை வாசித்தபோது அவன் பெண்சாதி ஜான்சி திரும்பி, நீங்களுமா அண்ணா என்றாள். பைசா வரவில்லை. ஆறு வருஷத்தில் அவன் போய்ச் சேர்ந்தான்.

அந்த முர்துசா போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போறேன் பாய், தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா பண்ணிருந்தா மாஃப் பண்ணிடுங்க என்றார். நட்டு கழட்டுனது தெரியாமலா மொதலாளி என்றேன். ஜான்சி கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம்தான் கீது, அவ வாசல்ல நின்னு நான்தான் கழட்டுனேன்னு சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம், மக்காவுக்குப் போற காலுக்குக் கூடுவாஞ்சேரி தூரமா என்று கேட்டேன். ஸ்வீட் பாக்ஸை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நேற்று அவர் மகன் அதீப் வந்து, அத்தா சாப்பிடுறதே இல்ல என்று அழுதான். கேட்டு எனக்கு மனம் குளிர்ந்தது, பாவி என்று நினைத்தால் நினைத்துக்கொள். வியாழக்கிழமை விமானம். அவர் கூடுவாஞ்சேரிக்குப் போகாமல் ஏறினால் என் மன்னிப்பு இல்லாமல்தான் ஏறுவார்.

வயசானவர், விட்டுடுங்கத்தா என்று போனில் நீ சொன்னாய். சொன்ன மறுநாளே மெஹ்ரீன் வீடியோ அனுப்பினாள், நீ கார் ஷெட்டில் அலமாரிக்குப் பலகை அறுக்கிறாய், ரம்பத்தின் மூடி உன் பின்னால் சுவரில் தொங்குகிறது. அவருக்காக வக்காலத்து வாங்கியது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. இன்றைக்கே மாட்டு. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டையும் கழற்றாதே, மரம் திருப்பி அடிக்காமல் காப்பது அதுதான். பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நில், சின்னத் துண்டைக் கட்டையால் தள்ளு, விரலால் தள்ளாதே, கையுறை போடாதே, அது கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும், பிளேடைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கு. மூடியை மாட்டாவிட்டால் உன்னையும் நான் மன்னிக்க மாட்டேன், மகன் என்று பார்க்க மாட்டேன்.

அல்லாஹ் உன் கைகளைக் காப்பாற்றட்டும், ஆயுசும் பரக்கத்தும் தரட்டும். மூடி மாட்டிய போட்டோ வியாழனுக்குள் வர வேண்டும். அன்று நானும் ஜான்சி வீட்டுக்குப் போகிறேன், முதலாளி வந்தாலும் வராவிட்டாலும் என் பங்கை நான் சொல்லியாக வேண்டும். கதிரேசன் கொரோனாவில் போனான், ஜெயக்கொடி போன தையில் போனார். இந்தக் கடிதத்தை அஃப்ஷானை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் காகிதத்தில் விரல் வைத்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன்,
உன் அத்தா ஹிதாயத்துல்லா