தளபதியின் கைக்கடிகாரம்

அன்பு மகளுக்கு,

“அப்பா போயி ரெண்டு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள சினிமாவாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். ஆமாம், போனேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

படத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் லிஃப்ட் கதவைத் திறந்ததும், பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய போர்க்களத்தில் போய் விழுகிறான். ஏணி சாத்திக் கோட்டைச் சுவரில் ஏறும் வீரர்களிடம், “லிஃப்ட் கெடையாதாப்பா?” என்கிறான்.

சரித்திரப் படமென்றால் உன் அப்பாவுக்கும் எனக்கும் தப்புக் கண்டுபிடிக்கும் போட்டி நடக்குமே, மறந்துவிட்டாயா? முதலில் கண்டவர் உரக்கச் சொல்ல வேண்டும். நேற்று தளபதி வாளை ஓங்கியபோது, “கைக்கடிகாரம்” என்று கத்திவிட்டேன். பக்கத்து இருக்கை காலி. பின்வரிசையிலிருந்துதான் குரல் வந்தது: “அம்மா, கொஞ்சம் படம் பாக்க விடுங்க.” நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிப் பழகிய திட்டு அது. தனியாக வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமும் போவேன்.

முப்பது வருடம் வகுப்பெடுத்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்தால்தான் துக்கம் என்று ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை.

நீயும் அந்தப் படத்துக்குப் போ. தளபதி வாளை ஓங்கும்போது மணிக்கட்டைப் பார். கண்டதும் உரக்கச் சொல்.

இன்னும் தோற்காத,
அம்மா