வாரத்துக்கு அரை நூல்

12-1-1978, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நைனாவைக் காஞ்சிபுரம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மார்பைப் படம் எடுத்துப் பார்த்தார். நைனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "சுருட்டை விட்டால்தான் மருந்து கேட்கும். இப்படியே போனால் அடுத்த மழைக்காலம் கஷ்டம்" என்றார்.

வெளியே வந்தால் நைனா பெஞ்சில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சோத்த வுடச் சொல்லு, வுட்டுடறேன். அத்த மட்டும் கேக்காத பாஞ்சாலி" என்றார்.

ஒரு நாளைக்கு நாலு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். நாற்பது வருஷப் பழக்கம். எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அன்றிலிருந்து இந்தத் திருப்புலிவனத்து வீடும் நைனாவும்தான்.

21-1-1978, சனி

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஹபீபுல்லா பாய் கடைக்குப் போனேன். வாராவாரம் நைனாவுக்குச் சுருட்டுக் கட்டு வாங்குவது அங்கேதான். பாய் கடையிலேயே உட்கார்ந்து தன் கையால் சுற்றித் தருகிறவர்.

விஷயத்தைச் சொன்னேன். வாரத்துக்கு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பருமன் குறைத்துக்கொண்டே வர வேண்டும், நைனாவுக்குத் தெரியக்கூடாது. அவருக்குக் கண்ணில் புரை. விரலெல்லாம் காய்ப்பு. கண்டுபிடிக்க முடியாது.

பாய் சுற்றுவதை நிறுத்திவிட்டார். "டீச்சரம்மா, பருமன் கொறைஞ்சா புகை மட்டும் கொறையாது. ருசியே வேற ஆயிடும்" என்றார். ஒரு தடித்த சுருட்டையும் மெல்லியதையும் குறுக்கே வெட்டிக் காட்டினார். தடித்ததில் உள்ளே மூன்று தினுசு இலை. "இதுல புகை மெதுவா, ஆறி வரும். பெரியவரு நாக்கு இதுக்குப் பழகிக்கீது. மெலிசுல உள்ள வெக்க எடம் ஏது? மேல சுத்தற எலையோட காரந்தான் தெரியும். சூடும் நேரா நாக்குலயே வந்து நிக்கும்."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் தெரியாது என்றேன். அவர் யோசித்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். "நசீரா நல்லாப் படிக்கிறா பாய்" என்றேன். அவர் மகள் என் வகுப்பில், ஐந்தாவதில் இருக்கிறாள்.

அந்த நேரத்தில் ஏன் அதைச் சொன்னேன்?

பாய் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா" என்றார்.

4-2-1978, சனி

மெலிந்த சுருட்டில் இது இரண்டாவது கட்டு. நைனா ஒன்றும் சொல்லவில்லை.

18-2-1978, சனி

களத்தில் உட்கார்ந்து பற்ற வைத்தவர் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னா இது, நாக்கச் சுடுது. எடுத்த எடுப்புலயே கசக்குது. பாதிக்கு மேல ஒரு இனிப்பு வருமே, அது எங்க போச்சி?"

வெயில் ஆரம்பித்துவிட்டது, உடம்பில் சூடு, வாயில் புண்ணாக இருக்கும் என்றேன். பொய் இவ்வளவு லேசாக வருகிறதே எனக்கு!

25-2-1978, சனி

இந்த வாரம் கவனித்தேன். நாலு இல்லை, ஏழு. மெல்லியது சீக்கிரம் எரிந்துவிடுகிறது, ஆசை தீரவில்லை, உடனே அடுத்தது. இருமலும் கூடிவிட்டது. அப்படியென்றால் நான் எதைக் குறைத்தேன்?

பாயிடம் சொன்னேன். "வாணாம்மா, பழையபடியே சுத்திக் குடுத்துடறேன்" என்றார். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிடிவாதம். நைனாவின் ரத்தம்தானே.

4-3-1978, சனி

உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போயிருந்த எதிர்வீட்டு முனியம்மாள் சொல்லித்தான் தெரியும். அவள் மூச்சு வாங்கச் சொன்னது இது.

நைனா காலையில் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி உத்திரமேரூர் போயிருக்கிறார். பாய் கடை வாசலில் நின்று சுருட்டுக் கட்டைத் தெருவில் வீசியிருக்கிறார். "நாப்பது வருசமா வாங்கறவனுக்கே கலப்படமா? எலைய மாத்திட்டு ஏமாத்திக்கினு கீறியா?" டீக்கடைக் கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்திருக்கிறது. அப்புறம் கடைப்படியில் துப்பிவிட்டு வந்திருக்கிறார்.

"பாய் இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு? எறங்கி வந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கினாரு. தப்பு நடந்துபோச்சி பெரியவரேன்னாரு. அவ்ளோதான்."

என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை!

6-3-1978, திங்கள்

நசீரா வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணைக் கேட்டேன். "அவள எல்லாரும் கலப்படக்காரன் பொண்ணுன்னு கூப்டறாங்க டீச்சர்" என்றாள். கடைக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்களாம். என் நைனா கன்னியப்பன் சும்மா பேசுகிற ஆள் இல்லை என்று ஊருக்கே தெரியும். நைனாவின் அந்த நல்ல பெயர்தான் இப்போது பாயின் தலையில் விழுந்திருக்கிறது.

7-3-1978, செவ்வாய்

இன்றும் வரவில்லை.

8-3-1978, புதன்

பள்ளி விட்டதும் கடைத்தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கோழை.

9-3-1978, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நைனா சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "பாய் இலைய மாத்தல நைனா. நான்தான் பருமனக் கொறைக்கச் சொன்னேன். டாக்டர் சொன்னதுக்காக" என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது.

மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கட்டைவிரலோடு சேர்த்துப் பிடித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அடித்தால்கூடத் தேவலை.

"என்னை ஏமாத்தினத வுடு. வயசானவன், நாலு பேரு ஏமாத்துவாங்க. ஒரு குத்தமும் பண்ணாத மனுசன் வாசல்ல என்னைத் துப்ப வெச்சிட்டியேடி..."

அதற்கு மேல் பேச முடியாமல் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

11-3-1978, சனி

"நீயும் வா" என்றார். இரண்டு நாளில் பேசின ஒரே வார்த்தை.

பஸ்ஸை விட்டு இறங்கி நாலு இடத்தில் நின்று நின்றுதான் கடைத்தெருவுக்கு வர முடிந்தது. நேராகக் கடைக்குப் போகவில்லை. டீக்கடைக்குள் போய், இருந்தவர்களை எல்லாம் வெளியே கூப்பிட்டார். பாய் கடை வாசலில் நின்று, மூச்சு வாங்க வாங்க, "எல்லாரும் கேட்டுக்கோங்க. இவுரு எலைல ஒரு கலப்படமும் இல்ல. தப்பு எங்க வூட்ல நடந்தது. விசாரிக்காம வாய வுட்டவன் நானு" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாய் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, உட்காருங்க மொதல்ல."

என் பெயரை நைனாவும் சொல்லவில்லை. அதைத் தாங்க முடியவில்லை. "நான்தான் கேட்டேன். அவர் முடியாதுன்னுதான் சொன்னாரு. அவர் பொண்ணு பேரச் சொல்லிக் கேட்டேன், அதனாலதான் செஞ்சாரு" என்றேன். கேட்டவர்களில் இருவர் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள்.

பாயின் மனைவி சுரையா கதவோரம் நின்றிருந்தார். நைனாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

13-3-1978, திங்கள்

நசீரா வந்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கேட்டால்தான் பதில் சொல்கிறாள்.

24-3-1978, வெள்ளி

நைனா இப்போதெல்லாம் தானே போய் வாங்கிக்கொள்கிறார். பழைய பருமன். பழையபடி நாலு. கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்களாம். எல்லோரும் இல்லை.

என்னிடம் "சோறு போடு", "கதவச் சாத்து", அவ்வளவுதான் பேச்சு. பம்பு செட்டுப் பக்கமிருந்து இருமல் சத்தம் கேட்கிறது. குறைத்துக்கொள் நைனா என்று வாய்வரை வருகிறது. எந்த முகத்தோடு சொல்வது? உண்மையைச் சொல்லித் தினம் ஒரு தடவை சண்டை போட்டிருந்தால் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கலாம்.

2-4-1978, ஞாயிறு

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நைனா பின்னால் வந்து நின்று, "எத்தினி?" என்றார்.

புரியாமல் திரும்பினேன்.

"ஒரு நாளைக்கு எத்தினி புடிக்கலாம்ன்றான் அந்த டாக்டரு?"

"ஒண்ணுகூடக் கூடாதுன்னாரு நைனா."

"அது ஆவாது. அவன வுடு. நீ சொல்லு."

ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரத்துக்கு அப்புறம் என்னை ஒன்று கேட்கிறார். ஒன்று என்று சொல்ல நினைத்தேன். அவரால் முடியாது, முடியாததை ஒத்துக்கொண்டு ஒளித்துப் பிடிப்பார், அப்புறம் அவரும் என்னைப் போல ஆகிவிடுவார்.

"ரெண்டு."

மடியில் இருந்த சுருட்டைத் தடவிப் பார்த்தார். "சரி. ஆனா பருமன்ல கை வெக்காத."

"வெக்க மாட்டேன் நைனா."

சாயங்காலம் இரண்டாவதைப் பற்ற வைத்தார். முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஐந்து தடவை இருமினார். நான் எண்ணுகிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து போகவில்லை.