அத்தானின் ஆறும் எங்கள் அருவியும்

அன்பு மாறாத அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நீங்கள் வராத முதல் சீசன். ஐந்தருவியில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்.

ஆனி பிறந்தால் பத்ராவதியிலிருந்து வந்து இறங்குவீர்கள். "இரும்பையே தண்ணியா ஊத்துத ஊருலேருந்து வாரேன். எனக்கே தண்ணியைக் காட்டுதியளா?" என்பீர்கள். எங்கள் தெரு நம்பியதே இல்லை. மைசூர்ப் பக்கம் சந்தனக்கட்டையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று தெரு எப்போதோ முடிவு செய்திருந்தது.

நீங்கள் போய்ச் சேர்ந்தபின் அக்காவைக் கூட்டிவர நான்தான் புறப்பட்டேன். பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருவதுதானே முறை? மாடியறைக்கு வெள்ளை அடித்தோம். கட்டிலுக்குக் கயிறு மாற்றினோம். அக்காவைக் கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் ஊரைப் பார்த்தேன். ஆற்றின் ஒரு கரையில் பழைய கல் கோயில், மறு கரையில் இரும்பாலையின் புகைபோக்கிகள். கோயில் விளக்கு அணைந்தால் குருக்கள் மட்டும் பதறுவார். உலை அணைந்தால் ஊரே பதறும் என்றான், என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டிய உங்கள் மகன். அவனும் இப்போது உங்கள் உலைக்குத்தான் வேலைக்குப் போகிறான். தெரியுமா உங்களுக்கு?

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் என்னை வாசலிலேயே மறித்தாள். "அக்காவை எல்லிகே கொண்டு போவுது?" தென்காசி என்றேன். ஆள் கடத்துபவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மறுநாள் காலை, நம் வழக்கப்படி தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆற்றங்கரையில் போய் நின்றேன். வெகுநேரம் நின்றேன். தலையில் ஒன்றும் விழவில்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். நீங்கள் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல்முறையாம்.

"ஏலே, இங்கன தண்ணி தானா வந்து தலையில விழாது. நாமதாம்லே எறங்கி முங்கணும்."

"சரிக்கா. முங்கிட்டு வாரேன், ஊருக்குப் பொறப்படுவோம்."

"நான் முங்கி எத்தனையோ வருசமாச்சு. இனி கரையேற மனசில்ல."

"மாடியறைக்கு வெள்ளை அடிச்சிருக்கே!"

"அதுல நெல்லைக் கொட்டி வைங்க."

இப்போது நெல்தான் இருக்கிறது அத்தான். நேற்று ஐந்தருவியில் நான்தான் ஆரம்பித்தேன்: "இரும்பைத் தண்ணியா ஊத்துததை இந்தக் கண்ணால பாத்தேன்." ஒருவரும் நம்பவில்லை. இத்தனை காலம் எப்படித்தான் பொறுத்துக்கொண்டீர்கள்?

அடுத்த ஆண்டிலிருந்து ஆனிதோறும் நானே போய் அக்காவை அருவிக்குக் கூட்டி வருவேன். ஆடி முடியுமுன் அவளை அவள் ஆற்றங்கரையில் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அந்தக் கன்னடத்து அம்மாளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குத்தான் கொஞ்சம் பயப்படுகிறேன்.

உங்கள் ஆற்றில் ஒருவழியாக முங்கி எழுந்த
மைத்துனன்