தண்ணீர் நின்ற உயரம்

மார்ச் 4

தெருச் சங்கத் தலைவர் காலையில் ஒரு விண்ணப்பக் கட்டோடு வந்தார். தையல்கடை வைத்திருப்பவர்; காதில் பென்சில், கழுத்தில் டேப். வெள்ளத்தைச் சமாளிக்கும் வேலைகளுக்குக் குடியிருப்புகளுக்கே நேரடியாக உதவும் நிதி ஒன்று இருக்கிறதாம். பதினெட்டுப் பக்கம். "முப்பத்தொரு வருஷம் பேப்பர்ல எழுதினவங்க நீங்க. இதையும் எழுதிக் குடுங்க மேடம்" என்றார். சரி என்றேன். ஓய்வு பெற்று ஐந்து மாதமாகிறது. யாராவது எதையாவது எழுதச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9

ஏழாம் கேள்வி: 'உங்கள் சமூகத்தின் தாங்குதிறனை விவரிக்கவும்.' கூட்டத்தில் படித்துக் காட்டினேன். "வருஷா வருஷம் தாங்கிட்டுத்தானே இருக்கோம். இனிமே முடியாதுன்னு எழுதிடுங்க" என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெருமழையில் கால்வாய் நிரம்பியதும், எங்கள் வடிகால் வழியாகவே தண்ணீர் தெருவுக்குள் திரும்பி ஏறுகிறது. வடிகால் வாயில் கால்வாய்ப் பக்கம் மட்டும் திறக்கும் கதவு, தெருவில் ஒரு பம்பு. அவ்வளவுதான்.

மார்ச் 15

மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அக்கா எழுதிப் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, பதில் கடிதம் என் கைக்கு வந்தது. நவம்பர் கடைசி வரை இடம் வைத்திருப்பார்களாம்.

கேட்டேன். "போன தடவை சக்கர நாற்காலியோட நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. பீரோவைத் தூக்கற மாதிரி. ஒருத்தன் 'மெதுவா, மெதுவா, மூலை இடிக்கும்'னான். இந்த வருஷ மழைக்கும் வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நான் போயிடறேன்டி" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

மார்ச் 22

தையல்காரரின் டேப்பை வாங்கிக்கொண்டு நாற்பத்தாறு வீடுகளுக்கும் போனேன். வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு முப்பத்தெட்டு வீட்டுச் சுவர்களில் தெளிவாக இருக்கிறது. அளந்து பட்டியல் போட்டேன், போனில் படமும் எடுத்தேன். எங்கள் கூடத்தில் தரையிலிருந்து 94 செ.மீ. விண்ணப்பத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஏப்ரல் 2

அனுப்பியாயிற்று.

மே 20

முதல் சுற்றில் தேறியிருக்கிறோம். ஜூன் 11 அன்று ஆய்வாளர் வந்து சுவர்க் கோடுகளை நேரில் அளந்து பார்ப்பார் என்று கடிதம். தையல்காரருக்குப் போனில் ஆய்வாளர் வரும் தேதியைச் சொன்னேன். "ஜமாய்ச்சுடலாம் மேடம்" என்றார்.

ஜூன் 10

அக்காவின் பரிசோதனைக்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மதியம் திரும்பினோம். தெருமுனையிலேயே பெயின்ட் வாடை.

தெரு முழுக்க வெளிர்நீலம். உள்ளே, வெளியே, எல்லாச் சுவரும். எங்கள் கூடமும்தான். பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கித் திறந்திருக்கிறார்கள். "பெரிய ஆளுங்க வர்றாங்க. அழுக்குத் தெருன்னு நினைச்சுடக் கூடாதில்ல? உங்க வீட்டுக்கு ரெண்டு கோட்டிங்" என்றார் தையல்காரர். மீசையிலும் நீலம்.

எதைப் பார்க்க வர்றாங்கன்னு சொன்னேனா நான்? யாரு வர்றாங்க, எப்ப வர்றாங்க — ரெண்டும் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல. புதுசா வர்ற நிருபர் இப்படிச் செய்தி கொண்டுவந்தா மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பேன். முப்பத்தொரு வருஷமாம்.

அக்கா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கலர்தான்" என்றாள்.

ஜூன் 11

ஆய்வாளர் நாற்பது வயதுப் பெண்மணி. என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது வீடு ஏறி இறங்கினார். "இவ்வளவு அழகான வெள்ளப் பகுதிய நான் பார்த்ததே இல்ல" என்றார். கேலிதான். தையல்காரர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். படங்களைக் காட்டினேன். "படம் போதாதும்மா. கண்ணால பார்த்ததத்தான் நான் எழுத முடியும்."

கடைசியாக எங்கள் வீடு. அவருடைய போனில் சார்ஜ் இல்லை. சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரடியில் குனிந்து குனிந்து தேடினார்.

"மேல பாருங்கம்மா" என்றாள் அக்கா. "ப்ளக் உங்களுக்கு எட்டும். எனக்குத்தான் எட்டாது. ஒவ்வொரு தடவையும் இவளத்தான் கூப்பிடணும்."

நிமிர்ந்தார். போனைச் செருகவில்லை, டேப்பை எடுத்தார். தரையிலிருந்து 140.

"ஏன் இவ்வளவு உயரத்துல?"

அக்கா அவரைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தண்ணிக்கு மேல இருக்க வேண்டாமா?"

பார்த்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனார். எல்லாவற்றிலும் 140, 142, 138. எங்கள் தெரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவர் சுவரைத் தட்டிக் காட்டினார். பெயின்ட்டுக்கு அடியில் சிமென்ட் வைத்து அடைத்த பழைய ஓட்டைகள். "முதல்ல முழங்கால் உயரம் இருந்துச்சு. அப்புறம் இடுப்பு. அதுக்கப்புறம் இது. இன்னொரு தடவை ஏத்தச் சொன்னா ஏணியோடதான் வரணும்." ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் இதே சுவர்களை அளந்தவள் நான். அக்காவின் போனைத் தினமும் சார்ஜில் போடுகிறவளும் நான்தான்.

ஜூலை 30

கிடைத்துவிட்டது. கதவு, கேட்டதைவிடச் சிறிய பம்பு. தையல்காரர் நேரில் வந்து சொன்னார்.

அக்டோபர் 3

கதவு மாட்டினார்கள். இரும்புத் தட்டு, மேலே கீல். இவ்வளவுதானா என்று எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா இல்லத்துக்கு இன்னும் மறுப்பு எழுதவில்லை.

நவம்பர் 6

மூன்றாவது நாளாக மழை. கால்வாய் ரோடு மட்டத்துக்கு வந்துவிட்டது. பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. தெருவில் கணுக்கால் அளவு. அக்கா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 7

முதல் படி நனைந்தது. இரண்டாவது படி நனையவில்லை.

நவம்பர் 19

அக்கா சொல்லி அனுப்பி எலக்ட்ரீஷியன் வந்தார். கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு ப்ளக் பாயின்ட் வேண்டுமாம். "எவ்வளவு உயரத்துலம்மா?" என்றார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். விரல் பட்ட இடத்தில், நீலச் சுவரில், அவர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

அளந்து பார்த்தேன். 61 செ.மீ.