எதிர்ப்பு யாருக்கு இருந்தது?

என் ஆசை அண்ணை,

நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம், கோயிலில் உங்களுடைய ஆண்டுத் திருப்பலி. எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அண்ணி சுகமாக இல்லை. அதைச் சரிசெய்யப் போய் நானும் தலை குழம்பி நிற்கிறேன்.

உங்கள் இரத்தத்தில் கிருமி ஏறி, கொடுத்த மருந்து வேலை செய்யாமல் போனபோது, டொக்டர் சொன்னதை ஒரு பெண் போனில் தமிழாக்கிச் சொன்னார். "எதிர்ப்பு இருக்கு" என்றார். அது உங்களுடைய நோய் எதிர்ப்புச் சக்தி என்று அண்ணி விளங்கிக்கொண்டு, அன்றைக்கே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அவ்வளவு எதிர்ப்பு இருந்த மனிதர் பிறகு ஏன் போனார்? தேடித் தேடிக் கடைசியில் தன்னையே பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒளித்துக் கொண்டுவந்து உங்களுக்குக் கரண்டியால் தீத்திய தயிர்தானாம் காரணம். உங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டில் இப்போது தயிர் என்ற பேச்சே இல்லை.

மொன்றியாலில் இரசாயனம் படிக்கும் உங்கள் மகள் மெலனியும் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய அரைத் தமிழ் தாயிடம் எடுபடவில்லை. அதனால் நான் அவளிடம் போனில் கேட்டேன். பிறம்ரனில் லொறி ஓட்டுகிற எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கிருமி சுவர் கட்டும் துண்டுகளுக்கு ஒரு வால் உண்டாம். உங்களுக்கு ஏற்றிய வான்கோமைசின் அந்த வாலைக் கவ்வும். சுவர் எழும்பாது, கிருமி சாகும். உங்களிடம் வந்த கிருமியோ வாலின் நுனியை மாற்றிவிட்டது. நைதரசன் இருந்த இடத்தில் ஓர் ஒட்சிசன். மருந்தின் பிடி வழுக்கிவிட்டது. ஓர் அணுவுக்காகவா அண்ணை, ஒரு மனிதர் போவது?

அதைவிடக் குழப்பம், அந்த மருந்தைச் செய்வதே மண்ணில் இருக்கும் ஒரு பக்ரீறியாவாம்.

"பேசிக்கலி சித்தப்பா, தன்ரை மருந்தாலை தானே சாகாமல் இருக்க, அதுவும் உப்பிடித்தான் வாலை மாத்தி வச்சிருக்கு. பிறகு உந்த வித்தை மற்றக் கிருமியளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு எண்டு நினைக்கினம்."

மருந்தையும் தந்து, அதைத் தோற்கடிக்கும் வழியையும் வைத்திருந்த ஒன்றோடு நான் கோபிப்பதா, அதைக் கும்பிடுவதா?

இன்னொன்று. மாற்றிய அந்த நுனி லக்ரிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கிற அதே சாமான். கிருமி அதைத் தானே செய்துகொள்கிறது, தயிருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று மெலனி சத்தியம் பண்ணுகிறாள். ஆனாலும் அந்தப் பெயரை அண்ணியிடம் எடுத்தால் கதை கந்தல். அதை விழுங்கிவிட்டு, எதிர்ப்பு இருந்தது உங்களுக்கல்ல, கிருமிக்குத்தான் என்று மட்டும் போன ஞாயிறு சொன்னேன்.

முகம் தெளியும் என்று பார்த்தேன். அண்ணி திருப்பிக் கேட்டார்.

"அப்ப அவருக்கு ஒண்டுமே இருக்கேல்லையோ?"

அண்ணியின் குற்ற உணர்வை எடுக்கப் போய், உங்கள் வீரத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன் அண்ணை. இத்தனை மாதமும் அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். காரை நிற்பாட்டிய இடம் சரியில்லை என்று சாட்டுச் சொல்லி எழும்பி வந்துவிட்டேன். நான் செய்தது சரியா, பிழையா?

வருகிற ஞாயிறு கட்டாயம் திரும்பப் போவேன். மருந்து கைவிட்ட பிறகும், இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர்மார் சொன்ன பிறகும், மெலனி மொன்றியாலிலிருந்து வந்து சேரும்வரை கண்ணை மூடாமல் கிடந்தது யார்? அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார்? அதற்கு இரசாயனத்தில் என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. "அவருக்கும் இருந்தது அண்ணி" என்று சொல்லப் போகிறேன்.

உங்கள் கடைசித் தம்பி,
யூட்