பொலிசுக்குப் போன மணப்பெண்

வெள்ளவத்தை,
5.9.1996

அன்புள்ள மகள் சரோவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் மருமகனும் அந்தத் தூர தேசத்தில் சுகமாய் இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் என் வேண்டுதல். உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மற்றத் தாதிமாருக்கு என்னைப் பொறுப்பாகப் போடப் போகிறார்கள், எனக்கு அதட்டத் தெரியாது, வேண்டாமென்று சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்வதற்கு முதல் உன் தங்கச்சி வதனியின் கல்யாணக் கதையைக் கேள்.

மண்டபம் நிறையச் சனம், ஐயர் ஓமம் வளர்த்தாயிற்று, மாப்பிள்ளையைக் காணவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த வானைப் பொலிசார் வழியில் மறித்து, மாப்பிள்ளை, தோழனாய்ப் போன யோகநாதன், வான் ஓட்டிய மலைநாட்டுப் பையன் காளியப்பன் மூவரையும் விசாரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தொலைபேசி வந்தது. அப்பா கத்தத் தொடங்கினார், நான் அழத் தொடங்கினேன், பெரியப்பா ஒரு பட்டாளம் ஆம்பிளைகளைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். அப்போதுதான் வாயே திறவாத வதனி, பட்டும் நகையுமாய் அறைக்குள்ளிருந்து வந்தாள். “இவ்வளவு பேர் போனால் அவங்கள் பயந்திடுவாங்கள் பெரியப்பா, இருங்கோ” என்றாள். அப்பாவின் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினாள், சமையல்காரரை எரிகிற அடுப்பை நூர்க்க வேண்டாமென்றாள். தாலி ஏறமுதல் பெண் பொலிஸ் படி ஏறுவதா என்று மாமி குதித்தா. “மாப்பிள்ளை இல்லாமல் ஆர் மாமி தாலி கட்டுறது?” என்று கேட்டுவிட்டு, எங்கள் கீழ்மாடியில் இருக்கும் புவாத்தின் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

அங்கே கல்யாண அழைப்பிதழை மேசையில் வைத்துச் சிங்களத்தில் ஆறுதலாக, பதறாமல் விசயத்தைச் சொன்னாள். பொலிஸ் பெரியவர் அழைப்பிதழைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைக் கூட்டிப் போங்கள், மற்ற இருவரும் இருக்கட்டும் என்றார். நான் கும்பிட்டு எழும்பிவிட்டேன், அவள் எழும்பவில்லை. மூன்று பேரும் என் கல்யாணத்துக்குத்தான் வந்தவர்கள், மூவரும் வரும்வரை இருக்கிறேன் என்று அதே குரலில் சொன்னாள். நானும் திரும்ப அவளருகில் உட்கார்ந்தேன். முகூர்த்தம் போயிற்று, தலையில் வைத்த மல்லிகை வாடிப் போயிற்று, அவள் அசையவில்லை. பின்னேரம் மூவரையும் விட்டார்கள். தனக்காகவும் ஒருவர் காத்திருந்ததை நினைத்துக் காளியப்பன் விக்கி விக்கி அழுதான். ஐயர் வேறொரு நல்ல நேரம் பார்த்துத் தந்தார், தாலி ஏறியது, ஆறின சோற்றை எல்லோரும் சந்தோசமாகச் சாப்பிட்டார்கள்.

கூறைச் சேலையோடு இருந்தவளின் வாயில் சோறு தீத்தும்போது, இந்தத் துணிவு எங்கேயடி இருந்தது என்று கேட்டேன். “எண்பத்திமூண்டுக் கலவரத்திலை வீடு எரியேக்கை நீங்கள் எல்லாரும் குழறிக்கொண்டு ஓடினீங்கள் அம்மா. அக்கா மட்டும் என்ரை கையைப் பிடிச்சு, ஓடாதை, என்னைப் பார்த்துக்கொண்டு நட எண்டு மெதுவாச் சொன்னவ. இண்டைக்கும் அதைத்தான் நினைச்சனான்” என்றாள். அப்போது உனக்குப் பதினைந்து வயது, பிள்ளை. அன்றைக்கு நீ யாரை அதட்டினாய்?

இருவரும் நூறு வயது வாழுங்கள், என் கண்ணே. நேரத்துக்குச் சாப்பிடு. கல்யாணப் படம் வரும், வாடின மல்லிகையைப் பார்த்துச் சிரிக்காதே. அந்த வேலைக்கு ஓம் என்று சொல்லிவிட்டு எனக்கு எழுது.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அம்மா