நம் நிலத்துப் பாலைவனம்

திண்டிவனம்,
3.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் வார்டு இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் தினமும் காய்கறி வாங்க விழுப்புரம் வரும் படப்பிடிப்பு வேன் ஓட்டும் முருகையன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மல்லாட்டை நிலம் இப்போது கௌபாய் படத்துக்கு அமெரிக்கப் பாலைவனம். வேர்க்கடலை விளைந்த இடத்தில் மரப் பலகையில் ஒரு ஊரே எழுப்பியிருக்கிறார்கள். முன்சுவர் மட்டும்தான், பின்னால் மூங்கில் முட்டு. குதிரைகள் சென்னைக் கடற்கரையில் சவாரி போனவை. துப்பாக்கி வெடித்தால் அசைவதில்லை. யாராவது சுண்டல் பொட்டலம் பிரித்தால் கொள்ளைக்காரனையும் சுமந்துகொண்டு அங்கே போய்விடுகின்றன.

டிவிக்கென்றே எடுக்கும் படம், எல்லாம் அவசரம். ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. தப்பு தெரிந்தால் டைரக்டர் ஆனந்தராஜ் சாரிடம் சொல்ல வேண்டும். எழுத வருகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

நேற்று நல்ல மழை. எனக்குத் தூக்கமே இல்லை.

அன்புடன்,
இளவரசி

விழுப்புரம் ஆஸ்பத்திரி,
4.7.2025

அம்மா இளவரசிக்கு,

மழை இங்கயும் பேஞ்சது. ஜன்னலயே பாத்துக்கினு கெடக்கறேன்னு உங்கம்மா திட்டிக்கினே இருக்கா. வெத மல்லாட்டைய உடைச்சு வெச்சாச்சு. பத்தாம் தேதி நெலத்த வுட்டுடுவாங்கன்னு உன் பேச்ச நம்பித்தான் குடுத்தேன். ஈரம் காயறதுக்குள்ள ஓட்டணும். போயி ஜல்தியா காலி பண்ணச் சொல்லிக் கேளு. காலேஜிக்கு அனுப்பனது தலைய ஆட்டிக்கினு நிக்கவா?

ஜெகதீசன்

திண்டிவனம்,
6.7.2025, காலை

அப்பா,

நிலம் முழுக்கப் புல் முளைத்துவிட்டது. பச்சைப் பாலைவனத்தை யார் நம்புவார்கள்? நாளை காலை தெளிக்க இரண்டு டிரம் களைக்கொல்லி வந்திருக்கிறது. தடுக்கத்தான் டைரக்டரிடம் போனேன். “என்னம்மா, சொல்லு” என்றார். “தண்ணி வேணுமா சார்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என்ன செய்யட்டும்? முருகையன் அண்ணனிடமே பதில் கொடுத்துவிடுங்கள்.

இளவரசி

விழுப்புரம்,
6.7.2025

அம்மாடி,

அந்த மருந்து எறங்குன மண்ணுல இந்த வருசம் ஒண்ணும் மொளைக்காது. பக்கத்து காந்திமதி நெலத்துல பாத்தோமே. போனாப் போவுது. ஒரு வருசம் சும்மா கெடக்கட்டும். உனக்கு இது மொத வேல, வுட்டுடாத. யாரையும் எதுத்துப் பேசாத. நேரத்துக்குச் சாப்புடு.

அப்பா

திண்டிவனம்,
7.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மூன்று மணிக்குக் கிடைத்தது. அப்போது ஹீரோ குண்டடிபட்டு மண்ணில் விழும் ஷாட். கேமரா முகத்துக்கு மிக அருகில். அவர் காதோரம் நாலைந்து புல். பிடுங்கச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை. அதோடு தன் காட்சிகள் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்; அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இன்று டிரம் மூடியைத் திறந்ததும் நோட்டோடு டைரக்டர் முன் போய் நின்றேன். “சார், நேத்து க்ளோசப்ல பச்சை இருக்கு. இப்ப கருக்கினா அடுத்த ஷாட்டோட ஒட்டாது.”

அந்த ஷாட்டைப் போட்டுப் பார்த்தார். “ஏம்மா நேத்தே சொல்லல?”

“வேணும்னுதான் சொல்லல. நாங்க வெதைக்கணும் சார்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டிரம்மை மூடி வண்டியில் ஏற்றச் சொன்னார். பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

மீதியைப் புல்லோடே எடுத்து, பத்தாம் தேதி காலி செய்கிறார்கள். மறுநாளைக்கு டிராக்டர் சொல்லிவிட்டேன். ஈரம் அதுவரை நிற்குமா என்று மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திட்டுவதை வீட்டுக்கு வந்து திட்டுங்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை என்று மட்டும் இன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இளவரசி